மண் தொடாத செடி: மிசில்டோவின் திருட்டும் திருவிழாவும்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், வேல்ஸ் எல்லையை ஒட்டியும் அதற்குச் சற்றுக் கிழக்கேயும், ஹெரஃபோர்ட்ஷயர், உஸ்டர்ஷயர், குளோஸ்டர்ஷயர் என்று மூன்று மாவட்டங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன பகுதி. டிசம்பரில் அங்கே ஆப்பிள் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து வெறும் குச்சிகளாக நிற்கும். ஆனால் அந்தக் குச்சிகளுக்கு நடுவே பச்சை உருண்டைகள் சில தொங்கிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பறவைக் கூடு என்றே தோன்றும். சில உருண்டைகள் ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கும். கிட்டே போனால்தான் தெரியும், அது ஒரு தனிச் செடி. ஆப்பிள் மரத்தின் கிளையிலேயே முளைத்து அங்கேயே வாழ்வது. அதுதான் மிசில்டோ.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளிலும் ஆங்கிலப் படங்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். வாசல் நிலைக்கு மேலே சிவப்பு நாடாவில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதன் கீழே இரண்டு பேர் தற்செயலாகச் சேர்ந்து நின்றுவிட்டால் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். பலர் இதை ஹாலியோடு குழப்பிக்கொள்கிறார்கள். முள்முள்ளான இலையும் சிவப்புப் பழமும் இருந்தால் அது ஹாலி. மஞ்சள் கலந்த பச்சையில் நீள்வட்ட இலைகள் இரண்டிரண்டாக இருந்து, நடுவில் முத்துப் போல வெள்ளைப் பழம் இருந்தால் மிசில்டோ.

"காதலின் சின்னம், ஆனால் பாருங்கள், உண்மையில் இது ஒட்டுண்ணி!" என்று ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது எழுதிச் சிரிப்பார்கள். ஏதோ இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பதுபோல. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. இந்தச் செடியை மனிதர்கள் கொண்டாடத் தொடங்கியதற்குக் காரணமே இது ஒட்டுண்ணியாக இருப்பதுதான். எப்படி என்று பார்க்க, முதலில் ஒட்டுண்ணி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம்.

பாதித் திருடன்

இன்னொரு உயிரின் உடலிலிருந்து தன் தேவையை உறிஞ்சிக்கொள்வது ஒட்டுண்ணி. உறிஞ்சப்படுவது ஓம்புயிரி. ஒரு மரத்தின் மேல் இன்னொரு செடி உட்கார்ந்திருப்பதாலேயே அதை ஒட்டுண்ணி என்று சொல்லிவிட முடியாது. மரக்கிளைகளில் வளரும் ஆர்க்கிடுகள் அங்கே குடியிருக்கின்றன, அவ்வளவுதான். மழையிலும் காற்றின் ஈரத்திலும் பிழைத்துக்கொள்ளும், மரத்துக்குள் கைவைக்காது. அவை தொற்றுத்தாவரங்கள்.

ஒட்டுண்ணித் தாவரங்களிலும் இரண்டு வகை உண்டு. அம்மையார் கூந்தல் என்ற மஞ்சள் நூல் போன்ற கொடியில் இலை இல்லை, பச்சையம் ஏறக்குறைய இல்லை. சோறும் தண்ணீரும் அடுத்த செடியிடமிருந்தே வர வேண்டும். அது முழு ஒட்டுண்ணி. மிசில்டோ அப்படியல்ல. அதன் இலை பச்சை, தண்டு பச்சை, விதைக்குள் இருக்கும் கருகூடப் பச்சை. வெயிலைக்கொண்டு தன் சர்க்கரையைத் தானே பெருமளவு தயாரித்துக்கொள்ளும். மரத்திடமிருந்து அது எடுப்பது முக்கியமாகத் தண்ணீரும் அதில் கரைந்த தாதுக்களும். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துவந்து, சமையலைத் தன் அடுப்பிலேயே முடித்துக்கொள்ளும் குடித்தனக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். இதைப் பகுதி ஒட்டுண்ணி என்பார்கள்.

தண்ணீர் பிடிக்கும் அந்தக் குழாய்க்கு ஹாஸ்டோரியம் என்று பெயர். உறிஞ்சு உறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அது மரப்பட்டையைத் துளைத்து, உள்ளே நீரைக் கடத்தும் சைலம் குழாய்களோடு இணைந்துகொள்கிறது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மிசில்டோ கெட்டியான மரக்கட்டையை ஆணி போலத் துளைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, மரம் தடிப்பதற்குக் காரணமான ஒரு மெல்லிய வளர்படலம் இருக்கிறது. மிசில்டோவின் முனை அதுவரை போய் நின்றுவிடும். பிறகு மரம் ஆண்டுதோறும் புதுக்கட்டையைப் போடும்போது அந்த முனையைச் சுற்றியே போடுகிறது. மரம் தடிக்கத் தடிக்க, உறிஞ்சு உறுப்பு தானாகவே உள்ளே புதைந்துபோகிறது. இதோடு, பட்டைக்கு அடியில் பச்சை இழைகளாகவும் மிசில்டோ பரவியிருக்கும். வெளியே தெரியும் செடியை மட்டும் ஒட்ட நறுக்கினால் அந்த இழைகளிலிருந்து மறுபடியும் துளிர்த்துவிடும்.

தண்ணீர் ஏன் மரத்தை விட்டு மிசில்டோவுக்குப் போக வேண்டும்? செடிக்குள் நீர் மேலேறுவது இலைகளிலிருந்து ஆவியாகும் இழுப்பால்தான். எங்கே அதிகம் ஆவியாகிறதோ அந்தப் பக்கம் நீர் போகும். மரம் வெயிலும் வறட்சியும் கண்டால் இலைத்துளைகளை மூடிச் சிக்கனம் பிடிக்கும். மிசில்டோ அவ்வளவு சீக்கிரம் மூடாது. திறந்தே வைத்திருந்து, மரத்தைவிட அதிகமாக ஆவியாக்கி, நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். மழை தாராளமாக இருக்கும் ஊரில் மரம் இதைச் சமாளித்துவிடும். வறட்சி வந்தால்தான் சிக்கல். சுவிட்சர்லாந்தின் வாலே பள்ளத்தாக்கில் பைன் மரங்கள் பட்டுப்போனதற்கு, வறட்சியோடு சேர்ந்து அவற்றின் மேல் வளர்ந்த மிசில்டோவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் ஓம்புயிரி மரம் இலையுதிர்த்து உறங்கிவிடும். மிசில்டோ உதிர்ப்பதில்லை. நிழல் விலகிக் கிடைக்கும் கொஞ்ச வெயிலையும் அது வாங்கிக்கொள்கிறது. ஊரே பட்டுக்கிடக்கும் பருவத்தில் அது மட்டும் பச்சையாக இருக்கிறது. அதுவும் வேரே இல்லாமல், மண்ணுக்கும் விண்ணுக்கும் நடுவில். தாவரவியல் எதுவும் தெரியாத காலத்தில் அண்ணாந்து பார்த்த ஒருவருக்கு இது என்னவாகத் தோன்றியிருக்கும்?

ஒரு விதையின் பயணம்

மண்ணில் விழுந்தால் மிசில்டோ விதைக்குக் கதை முடிந்தது. உயரத்தில் இருக்கும் ஒரு கிளையில், அதுவும் பட்டை இளசாக இருக்கும் கிளையில், ஒட்டிக்கொண்டால்தான் பிழைப்பு. கீழே விழாமல் மேலே போய் ஒட்ட வேண்டும் என்றால் இறக்கை உள்ள யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அதற்குத்தான் அந்த வெள்ளைப் பழம். நவம்பர், டிசம்பரில் பழுக்கும். வேறு தீனி அதிகம் இல்லாத பருவம். பழத்துக்குள் விதையைச் சுற்றி விஸ்சின் என்ற பசை இருக்கிறது. நசுக்கி விரலில் எடுத்தால் நூல் நூலாக நீளும், உதறினாலும் போகாது. மிசில் திரஷ் என்ற பெரிய குருவி இந்தப் பழத்தை அப்படியே விழுங்கும். குளிர்காலத்தில் ஒரு மரத்துப் பழங்களைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, மற்றப் பறவைகளை அண்டவிடாமல் விரட்டும் அளவுக்கு இதன் மேல் அதற்கு ஆசை. விதை அதன் வயிற்றில் செரிக்காது. எச்சத்தோடு பசை நூலில் கோத்த மணிகளாக வெளியே வந்து தொங்கும். சில கிளையில் ஒட்டும், பல தரையில் விழுந்து வீணாகும்.

பிளாக்கேப் என்ற சிறிய குருவி செய்வது இன்னும் கச்சிதம். அதன் தொண்டைக்கு விதை பெரிது. தோலையும் சதையையும் தின்றுவிட்டு, அலகில் ஒட்டிக்கொண்ட விதையைத் தொலைப்பதற்காகப் பக்கத்துக் கிளையில் அலகைத் தேய்க்கும். மிசில்டோவுக்கு வேண்டியதே அதுதான்! முன்பெல்லாம் பிளாக்கேப்புகள் பிரிட்டனில் கோடையைக் கழித்துவிட்டுத் தெற்கே போய்விடும். 1960களிலிருந்து மத்திய ஐரோப்பாவைச் சேர்ந்த பிளாக்கேப்புகள் குளிர்காலத்தைக் கழிக்க பிரிட்டனுக்கு வரத் தொடங்கின. தோட்டங்களில் மக்கள் வைக்கும் பறவைத் தீனியும் அதற்கு ஒரு காரணம். இவை வந்த பிறகு மிசில்டோ புதிய இடங்களுக்கும் பரவுகிறது.

ஒட்டிய விதை வசந்தம் தொடங்கும்போது முளைக்கும். சாதாரணச் செடியின் தண்டு வெளிச்சத்தை நோக்கி வளரும் அல்லவா? மிசில்டோ முளை வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டும். கிளையில் ஒட்டியிருக்கும் விதைக்கு இருட்டான பக்கம் எது? மரப்பட்டைதான். முளை வளைந்து பட்டையைத் தொட்டதும் அதன் நுனி ஒரு சிறிய தட்டாக விரிந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தட்டின் அடியிலிருந்து உறிஞ்சு உறுப்பு உள்ளே இறங்கும். அதன்பின் நீண்ட நாள் வெளியே ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். முதல் இலை ஜோடி தெரிய ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். பழம் பிடிக்க நான்கைந்து ஆண்டுகள்.

வளர்ச்சியிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு கிளை நுனியும் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாகக் கவட்டைவிடும். அந்த இரண்டும் அடுத்த ஆண்டு நான்காகும், பிறகு எட்டாகும். எல்லாத் திசையிலும் இப்படிப் பிரிந்துகொண்டே போவதால்தான் செடி உருண்டையாகிறது. அடியிலிருந்து நுனிவரை கவட்டைகளை எண்ணினால் செடியின் வயது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. மிசில்டோவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பழம் பெண் செடியில் மட்டும்தான். ஆகவே கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்குவது எப்போதும் பெண் செடிதான்.

பொன் அரிவாளிலிருந்து முத்தம் வரை

மிசில்டோ வழிபாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் போய் நிற்பது ஒரே ஓர் ஆளிடம்: உரோமானியரான மூத்த பிளினி. கி.பி. 77 வாக்கில் அவர் எழுதிய இயற்கை வரலாற்று நூலில், இன்றைய பிரான்சு இருக்கும் கோல் நாட்டின் துருயிடு பூசாரிகளைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. ஓக் மரத்தில் வளர்ந்த மிசில்டோதான் அவர்களுக்குப் புனிதம். பிறை தெரிந்த ஆறாம் நாள் வெள்ளை உடுத்திய பூசாரி மரத்தில் ஏறி, பொன் அரிவாளால் அதை அறுப்பார். கீழே வெள்ளைத் துணியில் ஏந்திக்கொள்வார்கள். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலியிடுவார்கள். அதைக் கரைத்துக் குடித்தால் மலட்டு விலங்கும் ஈனும், எல்லா நஞ்சும் முறியும் என்று நம்பினார்கள்.

பொன் மிக மென்மையான உலோகம். அதில் அரிவாள் செய்து முற்றிய தண்டை அறுப்பது நடக்கிற காரியமா என்று எனக்குச் சந்தேகம்தான். பொன் முலாம் பூசிய வெண்கலமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பத்தியில் ஒரு தகவல் மட்டும் தாவரவியல்படி துல்லியம். ஓக் மரத்தில் மிசில்டோ கிடைப்பது மிக அரிது என்கிறார் பிளினி. இன்றும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஆப்பிள், லைம் (எலுமிச்சையல்ல, லிண்டன் என்றும் சொல்லப்படும் மரம்), பாப்லர், ஹாதார்ன் மரங்களில் கொத்துக்கொத்தாக வளரும் மிசில்டோவை ஓக்கில் பார்ப்பது அதிசயம். எல்லா மரத்திலும் விதை விழுந்தாலும் எல்லா மரமும் இடம் கொடுத்துவிடாது. துருயிடுகள் கும்பிட்டது ஓம்புயிரியின் எதிர்ப்பை மீறி அபூர்வமாகப் பிழைத்த ஒட்டுண்ணியை. தரையில் விழவிடாமல் துணியில் ஏந்தியதும், மண்ணையே தொடாத செடி என்பதை அவர்கள் கவனித்திருந்ததைக் காட்டுகிறது.

அடுத்த கதை வடக்கே, பழைய ஸ்காண்டிநேவியர்களின் நார்ஸ் புராணத்தில். தேவன் பால்டருக்குத் தீங்கு வரக் கூடாது என்று அவன் தாய் ஃபிரிக், தீ, நீர், இரும்பு, கல், மரம், நோய் என்று எல்லாவற்றிடமும் சத்தியம் வாங்குகிறாள். மிசில்டோவை மட்டும் விட்டுவிடுகிறாள். சத்தியம் கேட்க முடியாத அளவுக்கு அது இளசு என்று. வஞ்சகன் லோகி அதைத் தெரிந்துகொண்டு, மிசில்டோவைப் பிடுங்கிப் பார்வையற்ற ஹோடரின் கையில் கொடுத்து எறியச் சொல்கிறான். பால்டர் மாள்கிறான். 1220 வாக்கில் ஐஸ்லாந்துக்காரரான ஸ்நோரி ஸ்டர்லசன் இதை விரிவாக எழுதிவைத்தார். ஐஸ்லாந்தில் மிசில்டோ வளர்வதே இல்லை. கைத்தடிக்குக்கூட ஆகாத இந்தச் சுள்ளியில் தேவனைக் கொல்லும் ஆயுதம் என்பது அதனால்தான் அவருக்கு உறுத்தவில்லையோ என்னவோ.

இந்தக் கதையை முத்தத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ஃபிரிக்கின் கண்ணீர்தான் வெள்ளைப் பழமானது, மகன் உயிர்த்தெழுந்த மகிழ்ச்சியில் மிசில்டோவின் கீழ் போகிற எல்லாரையும் முத்தமிட்டாள் என்று. ஸ்நோரியின் நூலில் அப்படி எதுவும் கிடையாது. அங்கே பால்டர் திரும்பி வருவதுமில்லை. உலகம் அழிந்து புதிதாகப் பிறக்கும்வரை பாதாளத்தில்தான் இருக்கிறான். கண்ணீரும் முத்தமும் பிற்காலத்தார் ஒட்டவைத்தவை.

முத்தமிடும் வழக்கத்துக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய சான்றுகளில் ஒன்று 1784இல் லண்டனில் மேடையேறிய ஓர் இசை நாடகத்தின் பாட்டு. அதாவது துருயிடுகளுக்கும் இதற்கும் நடுவில் ஆயிரத்து எழுநூறு ஆண்டு இடைவெளி. பண்டைய வழிபாடு தொடர்ந்து வந்து முத்தமாக மாறியது என்று சொல்ல நடுவில் சங்கிலி இல்லை. பசுமை மாறாத கிளைகளைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டுவது ஆங்கிலேயரின் பழைய வழக்கம்; கிறிஸ்துமஸ் மரம் வருவதற்கு முன்பே ஹாலி, ஐவிக் கொடி, மிசில்டோ எல்லாம் சேர்த்து உருண்டையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். முத்தம் அந்த உருண்டையின் கீழே, பெரும்பாலும் வேலையாட்கள் கூடும் சமையலறைகளில், ஒரு விளையாட்டாகப் பிடித்துக்கொண்டது.

விளையாட்டுக்கு விதியும் இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் இங்கிலாந்தில் பார்த்ததை 1820இல் குறித்துவைத்தார்: ஒவ்வொரு முத்தத்துக்கும் ஆண் ஒரு பழத்தைப் பறிக்க வேண்டும், பழம் தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது. எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது. கணக்குக்கு ஒரு முடிவு இருந்தது பாருங்கள். இன்று கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் மிசில்டோவில் பழம் தீர்வதே இல்லை.

தேவாலயங்களில் இதற்கு அவ்வளவு வரவேற்பு இருந்ததில்லை. ஹாலியும் ஐவியும் உள்ளே வரலாம், மிசில்டோ கூடாது என்று பல ஊர்களில் வைத்திருந்தார்கள். பழைய சமயத்தின் வாசனை வீசுகிறது என்று. யார்க் பேராலயம் ஒரு விதிவிலக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை மிசில்டோவை உயர் பலிபீடத்துக்குக் கொண்டுபோய் வைத்து, நகர வாசலில் தீயவர்கள் உட்பட எல்லாருக்கும் பொது மன்னிப்பு அறிவிப்பார்கள் என்று 18ஆம் நூற்றாண்டில் பழம்பொருள் ஆய்வாளர் வில்லியம் ஸ்டூக்லி எழுதினார்.

பசையும் நஞ்சும்

பழத்தின் பசையை மனிதர்களும் விட்டுவைக்கவில்லை. உரோமானியர் அதைப் பதப்படுத்திக் குச்சிகளில் தடவிக் குருவி பிடித்தார்கள். தன் எச்சத்தால் மிசில்டோவைப் பரப்பும் திரஷ், அந்த மிசில்டோவின் பசையிலேயே சிக்கிச் சாகும். "திரஷ் தன் கேட்டைத் தானே கழிக்கிறது" என்று இலத்தீனில் ஒரு சொலவடையே உண்டு.

மருந்து விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 1719இல் ஜான் கோல்பாட்ச் என்ற லண்டன் மருத்துவர் வலிப்பு நோய்க்கு இதுவே கைகண்ட மருந்து என்று நூல் எழுதினார். 1917 முதல் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதியின் யோசனைப்படி புற்றுநோய்க்கு மிசில்டோ ஊசி போடும் வழக்கம் ஜெர்மனி, சுவிட்சர்லாந்துப் பக்கம் பரவியது. துணை மருத்துவமாக இன்றும் தருகிறார்கள். கட்டி உடலில் வளர்வதுபோல் மரத்தில் வளர்வது, ஆகவே கட்டியைக் கரைக்கும் என்ற பாணியில் அமைந்த யோசனை அது. ஆயுளை நீட்டிக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் தரவில்லை. இலையிலும் தண்டிலும் விஸ்கோடாக்சின், லெக்டின் என்ற நச்சுப் புரதங்கள் இருக்கின்றன. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். குழந்தைகளும் நாய் பூனைகளும் இருக்கும் வீட்டில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிப் போட்டுவிடுவது நல்லது.

உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. நம் உடலிலும் சரி, செடிகளிலும் சரி, செல்லுக்குள் ஆற்றலை உற்பத்தி செய்வது மைட்டோகாண்ட்ரியா. அதில் ஐந்து புரதக் கூட்டமைப்புகள் வரிசையாக வேலை செய்யும். மிசில்டோவில் முதலாவது கூட்டமைப்பே இல்லை என்று 2018இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்திலும் ஜெர்மனியின் ஹனோவரிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. பல செல் உயிர் ஒன்று இது இல்லாமல் வாழ்வதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. இப்படி அடிப்படை இயந்திரத்தையே கழற்றிப் போட்ட செடியின் மரபணுத்தொகுதி சிறியதாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? மனிதனுடையதைப் போல ஏறக்குறைய 30 மடங்கு! 2022இல் வெல்கம் சாங்கர் ஆய்வு நிறுவனம் அதைப் படித்து முடித்தது.

சொந்தபந்தம்

இதுவரை சொன்னது ஐரோப்பிய மிசில்டோ. அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்குத் தொங்குவது வேறு பேரினம். குடியேறிய ஐரோப்பியர் அங்கே தங்கள் ஊர்ச் செடியைப் போலவே இருந்த ஒன்றைப் பார்த்து வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். ஓக்லஹோமா 1893இல், மாநிலம் ஆவதற்கு முன்பே, அதைத் தன் சின்ன மலராக வைத்துக்கொண்டது. மேற்கு அமெரிக்கக் காடுகளில் குட்டை மிசில்டோ என்று ஒரு தனி வகை இருக்கிறது. அதற்குப் பறவையே வேண்டாம். பழத்துக்குள் நீரழுத்தம் ஏறி ஏறி, கடைசியில் விதை துப்பாக்கிக் குண்டாகத் தெறிக்கும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கும். ஊசியிலைக் காடுகளுக்கு அது பெருந்தொல்லை.

மாமரத்திலும் சப்போட்டாவிலும் நாம் பார்க்கும் புல்லுருவி, ஈழத்தில் குருவிச்சை என்பது, இதே வரிசையைச் சேர்ந்த ஒன்றுவிட்ட உறவு. கிளையில் குடியேறி உறிஞ்சும் பழக்கம் இந்த வரிசைக்குள் ஐந்து முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நம் புல்லுருவியில் பூ நீண்ட குழலாக இருக்கும். தேன்சிட்டுகள் வந்து மகரந்தம் சேர்க்கும். விதையைப் பரப்பும் வேலை பூங்கொத்தி என்ற கட்டைவிரல் அளவுக் குருவியுடையது. நீலகிரியில் இவற்றை ஆராய்ந்த பிரியா தாவிதார், சில புல்லுருவிகளில் பழுத்த பழமும் விரியாத மொட்டும் ஒன்றுபோல் இருப்பதை 1983இல் எழுதினார். பழம் தின்ன வரும் பூங்கொத்தி மொட்டையும் கொத்திப் போகும். ஒரே குருவி இரண்டு வேலையையும் முடித்துவிடும்.

இன்னும் நெருங்கிய உறவு சந்தனம். இன்றைய வகைப்பாட்டில் ஐரோப்பிய மிசில்டோவும் சந்தன மரமும் ஒரே குடும்பம். சந்தனமும் பகுதி ஒட்டுண்ணிதான், மண்ணுக்கடியில் பக்கத்துச் செடிகளின் வேரில் கைவைக்கும். சந்தனக் கன்று நடுகிறவர்கள் பக்கத்திலேயே துவரை நடுவது அதற்காகத்தான். கோயிலில் அரைத்துக் கொடுத்த சந்தனத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு மிசில்டோவைத் திருடன் என்பது கொஞ்சம் அதிகம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பொன்னாரஞ்சு நிறத்தில் பூத்துக் குலுங்கும் ஒரு மரத்தை அங்கே கிறிஸ்துமஸ் மரம் என்றே அழைக்கிறார்கள். அது புல்லுருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கத்தி போன்ற உறிஞ்சு உறுப்பால் வேர்களை வெட்டும். நிலத்தடியில் போகும் மின்கம்பிகளையும் தொலைபேசிக் கம்பிகளையும் வேர் என்று நினைத்து வெட்டிவைத்த வரலாறும் அதற்கு உண்டு.

வெட்டுவதா, விடுவதா?

ஆஸ்திரேலியாவிலேயே இன்னொரு சோதனையும் நடந்தது. டேவிட் வாட்சனும் மேத்யூ ஹெரிங்கும் நியூ சவுத் வேல்ஸின் தெற்கே 17 சிறுகாடுகளில் மிசில்டோ முழுவதையும் வெட்டி எடுத்தார்கள். ஒட்டுண்ணி போனால் காடு செழிக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தக் காடுகளில் பறவை இனங்கள் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. வெட்டாமல் விட்ட காடுகளில் அந்த இழப்பு இல்லை. மிசில்டோ பழம் தின்னும் பறவைகள் மட்டும் போயிருந்தால் புரிந்துகொள்ளலாம். தரையில் பூச்சி பொறுக்கும் பறவைகளும் குறைந்திருந்தன. வாட்சன் தரும் விளக்கம் இது: மரம் இலையை உதிர்க்கும் முன் அதிலுள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். தண்ணீரும் தாதுவும் இலவசமாகக் கிடைக்கும் மிசில்டோவுக்கு அந்தச் சிக்கனம் தேவையில்லை. சத்து நிறைந்த இலையை அப்படியே ஆண்டு முழுவதும் உதிர்க்கிறது. அந்தச் சருகில் பூச்சி பெருகும், பூச்சியைத் தேடிப் பறவை வரும். பிரிட்டனிலும் மிசில்டோவை மட்டுமே தின்று வாழும் அந்துப்பூச்சி, கூன்வண்டு போன்ற சில பூச்சிகள் இருக்கின்றன.

காட்டுக்கு இது சரி. நாற்பது ஆப்பிள் மரத்தை நம்பியிருக்கும் தோட்டக்காரருக்கு? ஒன்றிரண்டு உருண்டை இருந்தால் மரம் தாங்கும். கவனிக்காமல் விட்ட பழைய தோட்டங்களில் மரத்தின் சொந்தக் கிளையைவிட மிசில்டோ அதிகமாகி, காய்ப்பு விழுந்து, பாரம் தாங்காமல் காற்றில் கிளை முறிவதையும் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் இங்கேதான் கைகொடுக்கிறது. உஸ்டர்ஷயரில் டென்பரி வெல்ஸ் என்ற சிற்றூரை ஒட்டி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மிசில்டோ ஏலம் நடக்கிறது. நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கட்டுக் கட்டாகத் தரையில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். நாடெங்கிலுமிருந்து வியாபாரிகள் வந்து எடுப்பார்கள். தோட்டக்காரருக்கு மரத்தின் சுமையும் குறைகிறது, கையில் காசும் சேர்கிறது. முத்தமிடும் வழக்கம் ஒரு களையெடுப்பு முறையாகவும் வேலை செய்கிறது.

அதில் ஒரே ஒரு கோளாறு. ஏலத்தில் விலைபோவது பழம் உள்ள கட்டு மட்டும். சந்தைக்காக மட்டும் வெட்டுகிறவர்கள் பெண் செடியைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். ஆண் செடி தீண்டுவாரின்றி மரத்தில் பெருத்துக்கொண்டே போகும். மரத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஏணியில் ஏறிய கையோடு, ஒரு காசுக்கும் ஆகாத ஆண் செடிகளையும் கழித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.